சென்னை – சான் பிரான்சிஸ்கோ: 15 மணி நேரமா, 22 மணி நேரமா?

கேள்வி: மகளின் பிரசவத்துக்காக மே மாதம் நானும் மனைவியும் சான் பிரான்சிஸ்கோ போகிறோம். இணையத்தில் தூரத்தைப் பார்த்தால் சென்னையிலிருந்து 13,900 கி.மீ., பதினைந்தரை மணி நேரம் என்று வருகிறது. துபாய் வழி டிக்கெட்டில் அதிகாலை 3.45க்குக் கிளம்பி அதே நாள் பகல் 1.15க்கு இறங்குவதாகப் போட்டிருக்கிறது. ஏஜென்ட்டோ மொத்தம் 22 மணி நேரம் என்கிறார். எது உண்மை? சிங்கப்பூர் வழியாகவும் ஒரு டிக்கெட் இருக்கிறது, விலை கொஞ்சம் குறைவு. எதை எடுக்கலாம்? – ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: ஏஜென்ட் சொல்வதுதான் சரி. இணையம் காட்டுவது சீனா, கிழக்கு சைபீரியா, அலாஸ்கா பக்கமாக வளைந்து போகும் மிகக் குறுகிய பாதை. அதை மணிக்கு 900 கி.மீ. என்று வகுத்தால் பதினைந்தரை வரும். ஆனால் சென்னையிலிருந்து அங்கே நேரடி விமானமே கிடையாது!

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர்க் கடிகார நேரம். 3.45லிருந்து 1.15 வரை ஒன்பதரை மணி. கோடையில் சான் பிரான்சிஸ்கோ நம்மைவிடப் பன்னிரண்டரை மணி பின்னால் இருக்கிறது. இரண்டையும் கூட்டினால் 22. திரும்பும்போது கூட்டாமல் கழிக்க வேண்டும். நவம்பர் முதல் ஞாயிறுக்குப் பிறகு திரும்பினால் கழிக்க வேண்டியது பதின்மூன்றரை, அங்கே கடிகாரத்தை ஒரு மணி பின்னால் வைத்துவிடுவார்கள்.

இன்னொன்று, செவ்வாய் அதிகாலை 3.45 என்றால் திங்கள் இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். இதில் ஏமாந்து மறுநாள் பெட்டியோடு போய் நின்றவர்கள் உண்டு.

சரி, எந்த வழி? மேற்கே துபாயோ கிழக்கே சிங்கப்பூரோ, சென்னையிலிருந்து ஏறக்குறைய 2,900 கி.மீ.தான், நாலு மணி நேரச் சொச்சம். அங்கிருந்து துபாய் வழி சுமார் 13,000 கி.மீ., சிங்கப்பூர் வழி சுமார் 13,600. தூரம் கூடினாலும் போகும்போது பசிபிக் மேலே காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் சிங்கப்பூர் விமானம் பதினைந்து மணிச் சொச்சத்தில் சேர்ந்துவிடும். துபாயிலிருந்து கிட்டத்தட்ட பதினாறு. திரும்பும்போது அதே காற்று எதிரே வரும், சிங்கப்பூருக்கே பதினேழு மணி வரை ஆகும். முழங்கால் வலி இருந்தால் நடைபாதை ஓர இருக்கையை இப்போதே கேட்டு வாங்குங்கள்.

ஆக, பறக்கும் நேரத்தில் பெரிய வித்தியாசமில்லை. இடையில் எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். உங்கள் 22 மணியில் துபாய்க்கு மிஞ்சுவது இரண்டு மணிதான். அமெரிக்கா போகும் பயணிகளுக்கு அங்கே கூடுதல் பாதுகாப்புச் சோதனையும் இருக்கலாம். வயதானவர்களுக்கு இது நெருக்கடி. சிங்கப்பூரில் மூன்று, நாலு மணி கிடைத்தால் நான் அதையே எடுப்பேன்.

ஆனால் விலை ஏன் குறைவு என்று கேளுங்கள். இரண்டு கட்டமும் ஒரே பிஎன்ஆரில் இருக்கிறதா? தனித்தனி டிக்கெட் என்றால், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால் பணம் போனதுதான், பெட்டியையும் நீங்களே எடுத்து மறுபடி போட வேண்டியிருக்கும். ஒரே பிஎன்ஆர் என்றால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. வீல்சேர் வேண்டுமானால் டிக்கெட் போடும்போதே பதிந்துவிடச் சொல்லுங்கள், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.