அமெரிக்காவின் மிட்வெஸ்ட் பகுதியில் ஒரு சின்ன விவசாய ஊரில் வாழ்க்கை எப்படி இருக்கும்?

அயோவா மாநிலத்தில் ஆயிரம் பேர்கூட இல்லாத ஒரு ஊரில் சில வருடங்கள் குடியிருந்தோம். கணவருக்குப் பக்கத்து டவுன் மருத்துவமனையில் வேலை. அங்கே பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

நம் கிராமங்களில் வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும், வயல்கள் ஊரைச் சுற்றி இருக்கும். அங்கே விவசாயி தன் நிலத்துக்குள்ளேயே வீடு கட்டிக்கொண்டு இருப்பார். அடுத்த வீட்டுக்குப் போக அரை மைல், ஒரு மைல் ஆகும். 1785-ல் வந்த நில அளவைச் சட்டப்படி நிலத்தை மைல் சதுரமாக, 640 ஏக்கர் கட்டங்களாக அளந்து விற்றார்கள். சரளைக்கல் ரோடுகள் இன்றும் பெரும்பாலும் அந்தக் கோடுகளிலேயே மைலுக்கு ஒன்றாகப் போகின்றன. எங்கள் ஊரில் இருந்தது கூட்டுறவு தானியக் கிடங்கு, தண்ணீர்த் தொட்டி, இரண்டு சர்ச், போஸ்ட் ஆபீஸ், ஒரு பெட்ரோல் பங்க், அவ்வளவுதான்.

கண்ணுக்கு எட்டிய வரை மக்காச்சோளமும் சோயாவும்தான். அந்தச் சோளத்தை நாம் அவித்துத் தின்ன முடியாது. பெரும்பகுதி மாட்டுக்கும் பன்றிக்கும் தீவனமாகவும், எத்தனால் ஆலைக்கும் போகிறது. ஏப்ரல் கடைசியில் விதைப்பு தொடங்கும், செப்டம்பரில் இருந்து நவம்பர் வரை அறுவடை. அந்த மாதங்களில் ராத்திரி பத்து மணிக்கும் வயலில் கம்பைன் என்ற அறுவடை இயந்திரத்தின் விளக்கு எரியும்.

ஆள் குறைவு என்பதுதான் அங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. சம்பளத்துக்குத் தீயணைப்பு வீரர் வைக்க ஊரில் பணம் இல்லை. அதனால் விதை விற்பவர், ஸ்கூல் பஸ் ஓட்டுபவர், பெட்ரோல் பங்க்காரர் எல்லோரும்தான் தீயணைப்புப் படை. ஒரு வருடம் அறுவடை நேரத்தில் ஊர்க்காரர் ஒருவருக்கு இதய ஆபரேஷன். அக்கம்பக்கத்தார் சொந்த அறுவடையை நிறுத்திவிட்டு, ஆளுக்கொரு கம்பைனோடு வந்து அவர் நிலத்தை அறுத்து, தானியத்தைக் கிடங்கில் சேர்த்துவிட்டுப் போனார்கள். பெண்கள் வயல் ஓரத்தில் சாப்பாடு போட்டார்கள், நானும் எலுமிச்சை சாதம் கிண்டிக் கொண்டுபோனேன். அந்த மனிதர்கள் மேல் எனக்கு இருக்கும் மரியாதை இன்றும் குறையவில்லை.

அதே ஆள் குறைவுதான் பெரிய கவலையும். 1981-ல் உச்சத்தில் இருந்த அயோவா நில விலை அடுத்த ஐந்து வருடங்களில் பாதிக்கும் கீழே விழுந்தது. வட்டியும் ஏறியிருந்ததால் கடன் வாங்கியவர்கள் நிலத்தை இழந்தார்கள். அப்புறம் இயந்திரம் பெரிதாகிக்கொண்டே போனது. முன்பு பல குடும்பங்கள் பிழைத்த நிலத்தை இன்று ஒரு குடும்பம் பார்த்துக்கொள்கிறது. பிள்ளைகள் குறைந்ததும் பள்ளியை அடுத்த ஊர்ப் பள்ளியோடு இணைத்துவிடுவார்கள். பள்ளி போன ஊரில் கடை நிற்பது கஷ்டம். வெள்ளிக்கிழமை ராத்திரி பள்ளி அணியின் அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டத்துக்கு மொத்த ஊரும் கூடுவது ஏன் என்று எனக்குப் புரிந்தது அப்போதுதான்.

நீங்கள் போவதாக இருந்தால் பனியில் கார் ஓட்டப் பழகிக்கொள்ளுங்கள், பஸ் கிடையாது. ஜனவரியில் பூஜ்ஜியத்துக்குக் கீழே இருபது டிகிரி செல்சியஸ் வரை போகும் நாட்களும் உண்டு. டொர்னாடோ என்ற சுழல்காற்றுக்கான எச்சரிக்கைச் சங்கு ஊதினால் அடித்தள அறைக்கு இறங்கிவிடுங்கள். அரிசி, பருப்பு, புளியை மாநிலத் தலைநகர் டெ மோயின் போகும்போது மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்ளலாம். எதிரே வரும் வண்டிக்காரர் ஸ்டீயரிங்கில் இருந்து ஒரு விரலைத் தூக்கினால் பதிலுக்கு நீங்களும் தூக்குங்கள், அதுதான் அங்கே வணக்கம்.