ஊட்டிப் பனியில் ஒழுகும் பழைய எம்.ஜி.பி.: இன்ஜினை இறக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: மாமனார் வைத்திருந்த 1963 மாடல் எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் கார் இப்போது ஊட்டி ஃபெர்ன்ஹில்லில் என்னிடம் இருக்கிறது. டிசம்பர் பிறந்ததிலிருந்து காலையில் ஷெட்டுத் தரையில் இரண்டு கறைகள். முன்னால் பச்சைத் தண்ணீர், நடுவில் கருப்பாக ஆயில். வண்டி சூடானதும் பச்சைத் தண்ணீர் நின்றுவிடுகிறது. ஆயில் ஊற்றும் மூடிக்குள் வெள்ளையாகப் பசை. ஹெட் கேஸ்கட்டும் (இன்ஜின் தலைப்பகுதிக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) பின்பக்க ஆயில் சீலும் போய்விட்டன, இன்ஜினை இறக்கணும் என்கிறார் மெக்கானிக். ஷெட் சரிவில் இருப்பதால் வண்டி முகம் மேடாகத்தான் நிற்கும். என்ன செய்யலாம்?

பதில்: இப்போதைக்கு இறக்க வேண்டாம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இவை ஒரே நோயின் மூன்று அறிகுறிகள் அல்ல. மூன்றுக்கும் தனித்தனிக் காரணம் இருக்கலாம்; மூன்றிலும் குளிருக்குப் பங்கு உண்டு.

முதலில் அந்தக் கருப்புக் கறை ஆயில்தானா என்று உறுதி செய்யுங்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து, கறையில் தொட்ட குச்சியை அதில் விட்டு ஆட்டுங்கள். இன்ஜின் ஆயில், கியர் ஆயில் என்றால் மேலே மிதக்கும். பிரேக் ஆயில் தண்ணீரோடு கலந்துவிடும். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், கிளட்ச்சைத் தள்ளிவிடும் ஸ்லேவ் சிலிண்டரும் அந்த நடுப்பகுதியில்தான் இருக்கிறது. அதில் ஓடுவதும் பிரேக் ஆயில்தான், பழசானால் அதுவும் கருத்துப்போகும். அதோடு நான்கு சக்கரங்களின் உள்பக்கத்தையும், பெடலுக்கு மேலே, மிதிக்கும்போது பிரேக் ஆயிலை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டர் இருக்கும் இடத்தையும் தடவிப் பாருங்கள். அந்தக் காலத்து எம்.ஜி.பி.க்கு பிரேக் லைன் ஒரே சர்க்யூட். ஓரிடத்தில் ஒழுகினாலும் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். ஈரம் தென்பட்டால் சரிசெய்யும்வரை குன்னூர் இறக்கம், கல்லட்டி இறக்கம் எதிலும் வண்டியை விடாதீர்கள். தெருமுனை வரைக்கும்கூட வேண்டாம்.

அது ஆயில்தான் என்று தெரிந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. எம்.ஜி.பி.யின் 1,798 சிசி இன்ஜினில், 1964 கடைசியில் கிராங்கை (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) ஐந்து இடத்தில் தாங்கும் மெயின் பேரிங் வரும்வரை, அந்தத் தண்டின் பின்முனையில் ரப்பர் ஆயில் சீலே கிடையாது. திருகுமரை போல வெட்டிய ஒரு பள்ளம், கிராங்க் சுழலும்போது ஆயிலைத் திரும்ப உள்ளே தள்ளும், அவ்வளவுதான். வண்டி நின்றால் அந்த வேலையும் நின்றுவிடும். முகம் மேடாக நிறுத்தினால், இன்ஜினின் அடித்தொட்டியான சம்ப்பில் இருக்கும் ஆயில் பின்பக்கம் சாய்ந்து அங்கே எட்டிப்பார்க்கும். உங்கள் வண்டியில் இருப்பது அந்த முதல் இன்ஜின்தான் என்றால் "சீல் போச்சு" என்ற பேச்சுக்கே இடமில்லை. மாற்றப்போவதாகச் சொன்னது எந்த சீல் என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு இரவு சமதரையில் நிறுத்துங்கள். கறை சுருங்கினால் காரணம் உங்கள் ஷெட்டுத் தரை.

சுருங்காவிட்டால் மேலிருந்து தேடுங்கள். ஆயில் கீழ்நோக்கி வரும். ஓடும் வண்டியில் காற்று அதைப் பின்னாலும் தள்ளும். அதனால் எங்கே கசிந்தாலும் கடைசியில், இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் பெல் ஹவுசிங்குக்குக் கீழேதான் சொட்டும். இன்ஜினை டீசல் தொட்ட பிரஷ்ஷால் கழுவி, நன்றாகத் துடைத்துக் காயவைத்து, சந்தேகமான இடங்களில் முகப்பவுடரைத் தூவி, இருபது நிமிடம் ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்துப் பாருங்கள். பவுடர் எங்கே நனைந்திருக்கிறதோ அங்கேதான் ஊற்று. இந்த இன்ஜினில் நான் முதலில் பார்ப்பது, பக்கவாட்டில் காற்றும் புகையும் போகும் மேனிஃபோல்டுக்குக் கீழே ஒளிந்திருக்கும் இரண்டு டேப்பெட் (வால்வை இயக்கும் பாகம்) மூடிகளை. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரே போல்ட்தான். ஒழுகுகிறதே என்று முறுக்க முறுக்கத் தகடு வளைந்து ஓரம் தூக்கிக்கொள்ளும், இன்னும் ஒழுகும். கழற்றி, தகட்டை நிமிர்த்தி, புது கேஸ்கட் போடுவதுதான் வழி. இன்ஜினுக்குள் சேரும் காற்றை வெளியே விடும் பிரீதர் பைப் அடைத்திருந்தாலும் உள்ளே அழுத்தம் கூடி எல்லா மூட்டிலும் ஆயில் கசியும். அதையும் ஊதிப் பாருங்கள். குளிரில் 20டபிள்யூ-50 ரக இன்ஜின் ஆயில் கெட்டியாக இருக்கும். ஸ்டார்ட் செய்ததும் ஆக்சிலரேட்டரை மிதித்தால் பிரஷர் ஏறி, பலவீனமான ஜாயிண்ட்டைத் தேடி வெளியே வரும்.

இனி பச்சைத் தண்ணீர். குளிரில் ஒழுகி, சூட்டில் நிற்பது ஹோஸ் கிளிப்பின் குணம். பழைய ரப்பர் இறுகிப்போய், இரவுக் குளிரில் சுருங்கும். கிளிப்பின் பிடி விடும். வண்டி சூடானதும் உப்பி மறுபடி அடைத்துக்கொள்ளும். பகலில் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால் ஒன்றும் தெரியாது. காலை ஆறு மணிக்கு, ஸ்டார்ட் செய்யும் முன் ஒவ்வொரு கிளிப்பின் அடியிலும் விரலை வைத்துப் பாருங்கள். ஈரமிருந்தால் கால் சுற்று இறுக்குங்கள். ஹோஸ் கட்டைபோல இருந்தால் இறுக்கிப் பயனில்லை, மாற்றுங்கள். வாட்டர் பம்ப்பின் அடியில் உள்ள சின்னத் துளையில் சொட்டினால் பம்ப் போகிறது என்று அர்த்தம். ஹெட்டின் பின்னால் இருக்கும் ஹீட்டர் வால்வில் உப்புப் பூத்த மாதிரி இருந்தால் அதுவும் ஒரு குற்றவாளி.

இந்த ரேடியேட்டருக்கு, விரியும் தண்ணீரைப் பிடித்துவைக்கத் தனி டப்பா கிடையாது. கழுத்துவரை நிரப்பினால் சூட்டில் விரிந்த மிச்சத்தை ஓவர்ஃபுளோ பைப் வழியாகத் தரையில் விட்டுவிடும். அது லீக் அல்ல. ஓர் அங்குலம் குறைத்தே ஊற்றுங்கள். மூடியையும் சோதிக்கச் சொல்லுங்கள். 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதிக்கும். அதைத் தள்ளிப்போடுவது குக்கர் வெயிட் மாதிரி வேலை செய்யும் அந்த மூடிதான். குறையக் குறைய வெறும் தண்ணீர் ஊற்றிவந்திருந்தால் கூலன்ட், அதாவது அந்தப் பச்சைத் தண்ணீர், நீர்த்துப்போயிருக்கும். உறைபனி விழும் இரவில் உள்ளே ஐஸ் கட்டினால், இன்ஜின் பிளாக்கின் துளையை அடைத்திருக்கும் தகட்டு மூடியான வெல்ச் பிளக்கைத் தள்ளிவிடும், பிளாக்கே விரிசல் விடவும் வாய்ப்புண்டு. பழையதை வடித்துவிட்டுப் புதுசாக ஊற்றுங்கள். கலந்தே விற்கும் கூலன்டில் தண்ணீர் சேர்க்கக் கூடாது. வடித்ததைத் தரையில் விடாதீர்கள். இனிப்பாக இருப்பதால் நாய் நக்கும், உயிருக்கே ஆபத்து.

வெள்ளைப் பசைக்கு இங்கே பலரும் பயப்படுகிறார்கள். மார்க்கெட் வரை போய்த் திரும்பும் வண்டியில் இன்ஜினுக்குள் சேரும் நீராவி வெளியேற நேரம் கிடைக்காது. குளிர்ந்த மூடியில் ஆயிலோடு கலந்து பசையாகிறது. இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று பாருங்கள். கீழ்நாட்டு வெயிலுக்காக அதைக் கழற்றி எறியும் வழக்கம் நம்மூரில் உண்டு. அது இல்லாமல் ஊட்டியில் இன்ஜின் சூடே பிடிக்காது. 82 டிகிரி தெர்மோஸ்டாட் போட்டு, வாரம் ஒருமுறை முக்கால் மணி நேரம் ஓட்டுங்கள். ஹெட் கேஸ்கட் போயிருந்தால் வேறு தடயங்கள் இருக்கும்: டிப்ஸ்டிக்கிலும் பால்நிறம், ரேடியேட்டரில் விடாமல் குமிழி, வெளியே சொட்டாமலேயே தண்ணீர் குறைவது. காலையில் சைலன்சர் நுனியில் சொட்டும் தண்ணீரும், கொஞ்ச நேர வெள்ளைப் புகையும் கணக்கில் வராது.

நீங்கள் கேட்காத ஒன்று: பெட்ரோல் ஹோஸ்கள். எத்தனால் 20 சதவீதம் கலந்த இப்போதைய பெட்ரோல் அந்தக் காலத்து ரப்பரை அரிக்கும். இந்த இன்ஜினில் கார்புரேட்டருக்கு நேர் கீழே எக்ஸாஸ்ட் போகிறது. பெட்ரோல் வாடை வந்தால் ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

எம்.ஜி.பி.யில் கிளட்ச் பிளேட் மாற்றவே இன்ஜினை வெளியே எடுத்தாக வேண்டும். கிளட்ச் வழுக்கத் தொடங்கும் அன்று பின்பக்கத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம். அதுவரை பெல் ஹவுசிங்குக்கு நேர் கீழே ஒரு பழைய தகரத் தட்டை வைத்துவிடுங்கள்.