மேயும் எருமைக்குத் திப்பி மட்டும் போதுமா?

கேள்வி: சேர்வராயன் மலையடிவாரத்தில் இறைச்சிக்காக எருமைக் கடாக்கள் வளர்க்கிறேன். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 200 கிலோ எடை இருக்கும். கோடையில் புல் காய்ந்துவிட்டதால், ஜவ்வரிசி ஆலையிலிருந்து உலர்ந்த மரவள்ளித் திப்பி வாங்கி, காலையில் மேய்ச்சலுக்கு ஓட்டுமுன் தலைக்கு 2 கிலோ கொடுக்கிறேன். எடை கூடவில்லை, கடாக்கள் முன்போல் மேய்வதுமில்லை, சாணம் இளகிப் போகிறது. என்ன காரணம்?
– வாசகர், சேலம் மாவட்டம்

பதில்: அளவும் வேளையும் தவறியிருக்கின்றன, அவற்றைவிடப் பெரிய குறை, திப்பியுடன் புரதம் எதுவும் சேராமல் போவது. மாவெடுத்த பின் எஞ்சிய மரவள்ளிச் சக்கைதான் என்றாலும், உலர்ந்த திப்பியில் ஏறத்தாழப் பாதியளவு மாவுச்சத்து தங்கியிருக்கும். புரதமோ 2 அல்லது 3 சதவீதம்தான். காய்ந்த புல்லிலும் அது 4, 5 சதவீதத்துக்கு இறங்கிவிடும். எருமையின் முதல் வயிற்றில் புல்லின் நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் பெருக, மொத்தத் தீவனத்தில் 7 சதவீதமாவது புரதம் வேண்டும். அது குறையும்போது தின்ற புல் வயிற்றிலேயே தேங்குவதால், கண்ணெதிரே மேய்ச்சல் இருந்தும் மாடு வாய் வைக்காது.

இந்த நிலையில் 2 கிலோ திப்பியை ஒரே வேளையில் வைத்தால், மாவு விரைந்து புளித்து அமிலம் மிகும். நாரைச் செரிக்கும் உயிரிகள் அதைத் தாங்கா. இளகிய சாணத்தைக் குச்சியால் கிளறிப் பாருங்கள். புளித்த வாடையும் நுரையும் நீளநீளமான புல் துணுக்குகளும் தென்பட்டால், கோளாறு பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காகத் திப்பியை அள்ளி வைக்கும் பழக்கம் நம் பக்கத்தில் அதிகம்.

மேய்ச்சல் கெடாமல் இருக்க, மாவுத் தீவனம் உடல் எடையில் அரை சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்லது. உங்கள் கடாவுக்கு அது நாளொன்றுக்கு ஒரு கிலோ. அதிலும் திப்பி அரைக் கிலோ, கோதுமைத் தவிடு அல்லது துவரம்பொட்டு அரைக் கிலோ என்று பிரித்துக்கொண்டு, கடலைப் பிண்ணாக்கு 300 கிராம், தாது உப்புக் கலவை 30 கிராம் சேர்த்து, மாலையில் பட்டிக்குத் திரும்பிய பிறகு கொடுங்கள். காலையில் வயிறு நிறைந்த மாடு, வெயில் ஏறுமுன் மேய வேண்டிய நல்ல நேரத்தை நிழலில் கழித்துவிடும். புரதம் மிகுந்த வேலிமசால் தழை கைவசம் இருந்தால் பிண்ணாக்கைச் சற்றுக் குறைக்கலாம்.

புல்லே இல்லாமல் தரை வெளுத்துவிட்ட காட்டுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே தீவனம் மேய்ச்சலுக்கு ஈடாகவே நிற்க வேண்டியிருப்பதால், திப்பியைக் கூட்டாமல் சோளத்தட்டையும் பொட்டும் தவிடும் வாங்குவதே மேல்.

திப்பி வாங்கும்போது ஒரு கைப்பிடி எடுத்து நீரில் கரைத்துப் பாருங்கள். களத்து மணல் அடியில் படியும். பூசணம் பூத்த கட்டிகள் எவ்வளவு சிறியவையானாலும் ஒதுக்கிவிடுங்கள். பச்சை மரவள்ளிக் கிழங்குத் தோலில் சயனைடு நஞ்சு இருப்பதால், அதை நன்கு வெயிலில் உலர்த்தாமல் வைக்கக் கூடாது.

முதல் சில நாட்களுக்குத் திப்பியை நிறுத்தி, தட்டையும் தண்ணீரும் தாராளமாகக் கொடுத்துச் சாணம் இறுகிய பின், பத்து நாட்களில் படிப்படியாக மேற்சொன்ன அளவுக்கு வாருங்கள். இடையில் எந்தக் கடாவாவது அசை போடாமல் இடப்பக்க வயிறு உப்பி நின்றால், அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.