தோட்டத்தின் பூர்வீகத்தை எங்கே தேடுவது?

கேள்வி: நாங்கள் லயத்து வீடுகளில் (தொழிலாளர் வரிசை வீடுகள்) வாழ்ந்த தோட்டம் தனியார் நிலம். இன்று பாதி செம்பனை, பாதி தாமான் (குடியிருப்பு). அது எப்போது, எந்த எல்லையோடு தொடங்கியது என்று அறிய என்ன வழி? – வாசகர், பெஸ்தாரி ஜெயா.

பதில்: நிலத்திலிருந்து தொடங்குங்கள். தாமான் வீட்டு நிலவரி பில்லில் லாட் (மனை) எண்ணும் முக்கிம் (மாவட்டத்தின் உட்பிரிவு) பெயரும் இருக்கும். அவற்றைக் கொண்டு மாவட்ட நில அலுவலகத்திலோ மாநில நில அலுவலகத்திலோ கட்டணம் கட்டி கிராண்ட் (நில உரிமைப் பத்திரம்) விவரம் கேளுங்கள். பெரும்பாலோர் இன்றைய உரிமையாளர் பெயரைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அதே பத்திரத்தில் 'முதன்முதலில் வழங்கிய தேதி', 'முந்தைய கிராண்ட் எண்' என்ற வரிகள் உண்டு. தோட்டத்தைத் துண்டு போடும்போது லாட் எண் மாறிவிடும். முந்தைய எண்ணைப் பிடித்தால்தான் பின்னோக்கிப் போக முடியும்.

கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் தேடும்போது பத்தாங் பெர்ஜுந்தாய் என்றே தேடுங்கள். உங்கள் ஊர்ப் பெயர் மாறியது 2007இல்தான். நம்மவர் வாயில் வழங்கிய தோட்டப் பெயர் வரைபடத்தில் இராது. கம்பெனி வைத்த பெயரை தமிழ்ப்பள்ளியின் பெயரில் பாருங்கள். பள்ளி இடம் மாறினாலும் 'லாடாங்' (மலாயில் தோட்டம்) என்ற சொல்லோடு அது பெரும்பாலும் ஒட்டிக்கொண்டே வரும்.

கோயில் கல்வெட்டு ஆண்டை மட்டும் நம்ப வேண்டாம். பல இடங்களில் அது கும்பாபிஷேக ஆண்டே. பெரட்டுக்களம் (காலையில் ஆள் கணக்கெடுத்த இடம்), ஆயாக்கொட்டகை (குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட இடம்), கிராணி (தோட்ட எழுத்தர்) வீடு, டிவிஷன் (தோட்டப் பிரிவு) எல்லை ஆகியவற்றைப் பெரியவர்களிடம் கேட்டு இப்போதே வரைந்துவிடுங்கள். இவை எந்தக் கிராண்டிலும் கிடைக்காது.