தேசங்களைக் கடந்த நீதிமன்றங்கள் மக்களாட்சியை எப்படிப் பொருள்கொள்கின்றன?

தேர்தலில் வென்ற அரசின் முடிவை வெளிநாட்டு நீதிபதிகள் செல்லாதென்பது மக்களாட்சிக்கே முரணல்லவா என்று நாகர்கோவிலில் சட்டம் பயிலும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அந்நீதிமன்றங்கள் மக்களாட்சியைப் பெரும்பான்மையின் விருப்பமாக மட்டும் காண்பதில்லை. ஒரு சட்டத்துக்குக் கட்டுப்படுபவருக்கு அதை இயற்றுவோரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டா என்றும் பார்க்கின்றன.

நம் குமரிமுனையைப் போலவே ஒரு தீபகற்பத்தின் தென்கோடியை ஒட்டியுள்ள, பிரிட்டனின் ஆட்சிப்பகுதியான ஜிப்ரால்டரில், 1994 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் மக்களுக்கு வாக்கில்லை. ஆனால் அந்த நாடாளுமன்றம் பங்கேற்று இயற்றிய சட்டங்கள் அவர்களைக் கட்டுப்படுத்தின. பிரிட்டன் தேர்தல் உரிமையை மீறியது என்று ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 1999-இல் தீர்ப்பளித்த பிறகு, 2004-இல் அவர்கள் வாக்களித்தார்கள். எந்த மாநிலத்தில் சேர்வது என்பதற்காக 1956 வரை போராடிய நம் மாவட்டத்தாருக்கு இதன் கனம் நன்றாகவே புரியும்.

லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றமோ, ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் கருத்தைப் பெறாமல் இயற்றப்பட்ட ஒரு விதியை 1980-இல் ரத்துசெய்து, மக்கள் தம் பிரதிநிதிகள் வழியே அதிகாரத்தில் பங்கேற்பது அடிப்படைக் கொள்கை என்றது.

ஆயினும் இவை எல்லாவற்றிலும் தலையிடுவதில்லை. நாடாளுமன்றத்தில் இடம்பெற ஒரு கட்சி நாடளவில் 10 சதவீத வாக்குப் பெற வேண்டும் என்று துருக்கியில் அப்போது இருந்த வரம்பு மிகையானது என்று கருதியபோதும், ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2008-இல் அதை உரிமை மீறலாக அறிவிக்கவில்லை. அந்தத் தயக்கம் எனக்கு உடன்பாடில்லை.