புது டயருக்கு முன் பழைய டயரைப் பாருங்கள்

கேள்வி: என் காருக்கு ஐந்து வயது. முன் டயர் இரண்டும் தேய்ந்துவிட்டன, பின்னால் இருப்பவை இன்னும் ஓடும் என்கிறார்கள். இரண்டை மட்டும் மாற்றலாமா? கொஞ்சம் அகலமான டயராகப் போடச் சொல்கிறார் கடைக்காரர். எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: கடைக்குப் போகுமுன் ஸ்டீயரிங்கை ஒரு பக்கமாக முழுக்க ஒடித்து நிறுத்திவிட்டு, பழைய முன் டயரைக் குனிந்து பாருங்கள். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு நன்றாக இருந்தால், காற்றுக் குறைவாகவே ஓட்டியிருக்கிறீர்கள். நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். ஒரே ஒரு ஓரம் மட்டும் மழித்ததுபோல் இருந்தால் அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) போயிருக்கிறது. மேடும் பள்ளமுமாகத் தெரிந்தால் பேலன்சிங்கையோ (சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இருப்பது) ஷாக் அப்சார்பரையோ சந்தேகப்படுங்கள். கையால் தடவுவதாக இருந்தால் மெதுவாக. மிகவும் தேய்ந்த டயரில் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும், விரலைக் கிழித்துவிடும். காரணத்தைச் சரிசெய்யாமல் எவ்வளவு உயர்ந்த டயர் போட்டாலும் அதுவும் அதே இடத்தில்தான் தேயும்.

இரண்டு மட்டும் மாற்றலாம். பின் டயர்களில் பட்டன், அதாவது சாலையைத் தொடும் ரப்பர் கட்டைகளின் உயரம், போதுமான அளவு இருக்க வேண்டும், அவ்வளவுதான். பள்ளங்களுக்குள் குறுக்கே சின்ன ரப்பர் மேடுகள் தெரியும். அவற்றின் உயரம் 1.6 மி.மீ. பட்டன் அதற்குச் சமமாகிவிட்டால் பல நாடுகளில் அந்த டயரில் ஓட்டுவதே சட்டப்படி குற்றம். நான் அதுவரை காத்திருக்க மாட்டேன். 3 மி.மீ.க்குக் கீழே போனாலே ஈரச் சாலையில் பிடிப்பு நன்றாகக் குறைந்துவிடுகிறது.

புது டயர் இரண்டையும் பின்னால் போடுங்கள், பின்னால் இருப்பவற்றை முன்னுக்குக் கொண்டுவாருங்கள். முன்சக்கரம் இழுக்கும் வண்டியானாலும் இதுதான் சரி. பலர் இதற்குத் தலையாட்ட மறுப்பார்கள். முன் டயர் தண்ணீரில் வழுக்கினால் வண்டி நேராகப் போகப் பார்க்கும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் பிடிப்பு திரும்பிவிடும். பின் டயர் வழுக்கினால் வண்டியின் பின்புறமே சுழன்று முன்னே வந்து நிற்கும். அதை அடக்குவது பழகிய ஓட்டுநருக்கே கஷ்டம். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி என்றால் கதை வேறு: நான்கின் தேய்மானமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும், கையேட்டைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

அகல விஷயத்தில் அவசரப்படாதீர்கள். டயரின் பக்கவாட்டில் 205/55 ஆர்16 91வி என்பதுபோல் இருக்கும். அகலம் 205 மி.மீ., பக்கவாட்டு உயரம் அந்த அகலத்தில் 55 சதவீதம், ரிம் 16 அங்குலம். 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும். வி என்றால் மணிக்கு 240 கி.மீ. வரை. அகலத்தை மட்டும் 215 ஆக்கினால் உயரமும் கூடவே ஏறும், ஸ்பீடோமீட்டர் குறைத்துக் காட்டும், ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது உரசவும் கூடும். எடை எண் வண்டிக்குச் சொன்னதைவிடக் குறையவே கூடாது. என்னைக் கேட்டால், கம்பெனி கொடுத்த அளவையே போடுங்கள்.

டயர் ரிம்மில் ஏறுமுன் தேதியைப் பார்த்துவிடுங்கள். டிஓடி என்ற எழுத்துகளுக்குப் பிறகு வரும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள்தான் தேதி: 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஒரு பக்கத்தில் காணவில்லையென்றால் மறுபக்கம் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு பக்கத்தில்தான் அச்சிடுவார்கள். நிழலில் ஒழுங்காக வைத்திருந்தால் ஒரு வருடப் பழசு பரவாயில்லை. மூன்று நான்கு வருடம் என்றால், தள்ளுபடி எவ்வளவு கொடுத்தாலும் நான் வாங்க மாட்டேன்.

ரப்பர் வால்வையும் கையோடு மாற்றச் சொல்லுங்கள், பேலன்சிங்கை விடாதீர்கள். காற்று எவ்வளவு என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கிறது. டயரில் பொறித்திருப்பது அது தாங்கும் உச்ச அளவு, அதைப் பார்த்து அடிக்கக் கூடாது. முதல் சில நூறு கிலோமீட்டர் புது ரப்பர் கொஞ்சம் வழுக்கும், வளைவில் வேகம் வேண்டாம். 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் சக்கர நட்டுகளை மறுபடி ஒருமுறை முறுக்கிப் பாருங்கள்.