'உங்க ஓட்டு பதிவாயிடுச்சு' என்றால் திரும்பி வராதீர்கள்

கேள்வி: 2024 மக்களவைத் தேர்தலில் பிற்பகல் 3 மணிக்கு வாக்களிக்கப் போனேன். பட்டியலைப் பார்த்த அலுவலர், "உங்க ஓட்டு ஏற்கெனவே பதிவாயிடுச்சே" என்றார். அடையாள அட்டை கையில் இருந்தும் பேசாமல் வீடு திரும்பிவிட்டேன். அடுத்த முறை இப்படி நடந்தால் என்ன செய்வது?

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் நீங்கள் வெறுங்கையோடு திரும்பியிருக்க வேண்டியதில்லை. அந்தத் தேர்தலில் ஏறத்தாழ 97 கோடி வாக்காளர்கள், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குச்சாவடிகள். ஒவ்வொன்றிலும் ஒருவர் பட்டியலைப் புரட்டிப் பேனாவால் கோடு போடுகிறார். தவறு நடக்கும் என்று தெரிந்தேதான் விதியிலேயே வழி வைத்திருக்கிறார்கள்.

முதலில் பதற்றப்படாமல் பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். ஒரே பெயர், ஒரே தந்தை பெயர் உள்ள இருவர் ஒரே பாகத்தில் இருப்பது சாதாரணம். ஒருவருக்குப் போட வேண்டிய கோடு அடுத்தவர் மேல் விழுந்திருக்கலாம். பிறகு உங்கள் விரலைக் காட்டுங்கள். மையில்லாத விரல் உங்கள் பக்கம் பேசும்.

உண்மையிலேயே வேறொருவர் போட்டிருந்தால் வாக்குச்சாவடித் தலைமை அலுவலரிடம் போய், "தேர்தல் நடத்தை விதிகளில் 49பி (49P) விதிப்படி ஆய்வுக்குரிய வாக்கு வேண்டும்" என்று கேளுங்கள். 'டெண்டர் ஓட்டு' என்றாலும் புரியும். நீங்கள் யார் என்று அவர் சில கேள்விகள் கேட்பார். பதில் திருப்தியாக இருந்தால் 17பி (17B) படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, இயந்திரத்துக்குப் பதிலாக ஒரு வாக்குச்சீட்டைத் தருவார். மறைவிடத்துக்குள் போய் முத்திரை குத்தி, மடித்து அவரிடமே கொடுக்க வேண்டும். அவர் அதைத் தனி உறையில் வைப்பார்.

ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன்: வாக்கு எண்ணும் நாளில் அந்த உறையைப் பிரிக்க மாட்டார்கள். உங்கள் சீட்டு கணக்கில் சேராது. பிறகு எதற்கு இந்தச் சிரமம் என்பீர்கள். 2008 ராஜஸ்தான் சட்டமன்றத் தேர்தலில் நாத்துவாரா தொகுதியில் காங்கிரஸ் வேட்பாளர் சி.பி. ஜோஷி ஒரே ஒரு வாக்கில் தோற்றார். வழக்கு நீதிமன்றத்துக்குப் போனபோது இத்தகைய வாக்குகள்தான் பெரிய விவாதமாகி, உச்ச நீதிமன்றம் வரை சென்றது. உறைக்குள் சீட்டு இருந்தால்தானே அப்படி ஒரு வழக்கில் பயன்படும்? அதனால்தான் கேட்டு வாங்குங்கள் என்கிறேன். உங்கள் பெயரில் யாரோ புகுந்தார் என்பதற்கும் 17பி-யில் உங்கள் கையெழுத்தோடு பதிவு இருக்கும்.

அப்புறம், அட்டை இருந்தால் மட்டும் போதாது. பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். தேர்தல் அறிவிப்பு வருவதற்கு முன்பே பாருங்கள். வீடு மாறியிருந்தால் படிவம் 8, பெயரே இல்லையென்றால் படிவம் 6. வாக்குப்பதிவு நாளில் முடிந்தவரை காலையிலேயே போய்விடுங்கள். உங்களுக்கு முன்னால் வேறு ஆள் புகுவதற்கு நேரம் கொடுக்க வேண்டாம்.